தூரம் என்றொரு காரணம்

அன்புள்ள சேர்,

எங்கள் மகள் படிக்கும் தனியார் பாடசாலையில் முன்பு படிப்பித்த நான்கு ஆசிரியைகள் தங்களுக்குப் பாகுபாடு நடந்ததாகப் பகிரங்கமாக எழுதியிருக்கிறார்கள். முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவிலிருந்து வந்த மூவருக்கும் ஒரே வருடத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லையாம். ஒரே தகுதிக்கு ஆளுக்கொரு சம்பளமாம். நான்காமவர் தமிழர். மற்றவர்களுக்காகக் கதைத்ததால் தன்னையும் நிறுத்தினார்கள் என்கிறார். பாடசாலை, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பியது: "நாங்கள் இன, மத பேதமற்ற ஒரே குடும்பம். குற்றச்சாட்டுகளில் உண்மையில்லை. அவதூறு பரப்புவோர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்." 2018இல் முஸ்லிம் ஆசிரியைகள் அணியும் நீள அங்கியான அபாயா பற்றிய பிரச்சினையின்போது எழுதினீர்களே, இப்போது ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றுவதா?

ஒரு தகப்பன், உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள தம்பிக்கு,

பேசாமல் இருந்ததற்குக் காரணம் பாதி சோம்பல், பாதி பயம். அந்த நிர்வாகத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். காலையில் மீன் வாங்கப் போனால் முகம் பார்க்க வேண்டும். சரி, இனி எழுதத்தான் வேண்டும்.

2018ஐ இழுத்தீர்கள். அந்தப் பிரச்சினை நடந்த சண்முக இந்து மகளிர் கல்லூரி அரச பாடசாலை. அபாயா அணிந்த ஆசிரியைகளுக்கு எதிராக வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தபோது, மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் போக அவர்களுக்கு வழி இருந்தது. ஆணைக்குழு அவர்கள் பக்கமே பரிந்துரைத்தது. அப்படியிருந்தும் 2022 பெப்ரவரியில் அதே பாடசாலையில் மறுபடி குழப்பம். சட்டம் பக்கத்தில் நின்றும் கதை அப்படித்தான் போனது.

இந்த நால்வருக்கு அந்தச் சட்டமும் பக்கத்தில் இல்லை. இனம், மதம், மொழி, சாதி, பால் முதலான காரணங்களால் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் அது மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் போகும் வழியை 126ஆம் உறுப்புரை நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு மட்டுமே திறந்து வைத்திருக்கிறது. அதாவது அரசு செய்தால் போகலாம். தனியார் முதலாளி செய்தால் அந்தக் கதவு இல்லை.

அப்புறம் அந்தக் 'குடும்பம்'. 1960, 1961 சட்டங்களால் அரச உதவி பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதும் தடுக்கப்பட்டது. அதனால்தான் பின்னாளில் வந்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தில் பதிந்துகொண்டன. உங்கள் மகளின் பாடசாலையும் அந்த வகைதான் என்றால், வாசலில் பாடசாலை, கடிதத்தில் குடும்பம், பதிவில் கம்பனி. கட்டணம் கேட்கும்போது கம்பனியாக இருப்பவர்கள் ஆசிரியர் கேள்வி கேட்டதும் குடும்பமாகி விடுகிறார்கள். குடும்பத்தில் நியமனக் கடிதம் ஏது?

இதை இவ்வளவு காரமாக எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்றால், இல்லை. 2011இல் வேறொரு தனியார் பாடசாலையின் நேர்முகத் தேர்வில் வெளியாளாக என்னையும் உட்கார வைத்தார்கள். கணிதத்துக்கு ஒரு ஆசிரியை வேண்டும். கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் வந்தார். பின்னங்களை எப்படிப் படிப்பிப்பீர்கள் என்று கேட்டேன். மேசையிலிருந்த தாளை எடுத்து மடித்தே காட்டிவிட்டார். அவர் வெளியே போனதும் தலைவர் சொன்னார்: "கெட்டிக்காரிதான், ஆனா தூரம். மழைக்காலத்தில நேரத்துக்கு வரமாட்டா." கிண்ணியாப் பாலம் திறந்து அப்போது இரண்டு வருடம். 2009க்கு முன் என்றால் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறி மறுகரைக்கு வர வேண்டும், விளங்குகிறது. 396 மீற்றர் பாலம் வந்த பிறகும் கிண்ணியா தூரமாகவே இருந்தது. எடுக்கப்பட்டவர் கந்தளாய். பாலமே இல்லாத காலத்திலும் கந்தளாய் கிண்ணியாவைவிடத் தூரம்தான். ஆனால் அவர் "தெரிந்த குடும்பம்".

நான் கையெழுத்துப் போட்டேன். தேநீரும் குடித்தேன்.

அந்த அறையில் யாரும் மதத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தலைவரைச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் தான் பாகுபாடு காட்டவில்லை என்று மனதார பண்ணியிருப்பார். ஆகவே உங்கள் பாடசாலை பொய் சொல்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. தாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல என்று அவர்கள் நம்பலாம். ஆனால் ஆசிரியைகள் அவர்களுடைய மனதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த வருடம் எத்தனை ஒப்பந்தங்கள் முடிந்தன, எவை புதுப்பிக்கப்பட்டன, புதுப்பிக்காததற்கு எழுத்தில் என்ன காரணம், ஒரே தகுதிக்கு ஏன் இரண்டு சம்பளம் என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் கோப்பில் இருக்க வேண்டும். கோப்பில் நல்ல காரணம் இருந்தால் பாடசாலை வெல்லட்டும், எனக்கு ஆட்சேபணையில்லை. மூவரில் ஒருவரைப் பற்றிப் பெற்றோரிடமிருந்து முறைப்பாடு இருந்ததாக நானும் கேள்விப்பட்டேன். இருந்திருக்கலாம். அதை அவரிடம் எழுத்தில் கொடுத்து விளக்கம் கேட்டார்களா?

சட்ட நடவடிக்கை என்ற வரிதான் எனக்குப் பிடிக்காத வரி. அது பெற்றோருக்கு எழுதிய வரியல்ல. இன்னும் அங்கே படிப்பித்துக்கொண்டிருக்கும் ஆசிரியைகளுக்கு எழுதியது.

அந்த நால்வரை உங்களுக்குத் தெரியும் என்றால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். வேலை நீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்குப் போக 6 மாதந்தான் அவகாசம். பாடசாலைத் தரப்பு, "நாங்கள் நீக்கவில்லை, காலம் முடிந்தது" என்று சொல்லும். அதனால் முந்தைய ஒப்பந்தப் பிரதிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பார்ப்பது நல்லது. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) முதலாளியின் 12 வீதமும் தங்களுடைய 8 வீதமும் முழுச் சம்பளத்துக்கும் கட்டப்பட்டதா என்பதையும் தொழில் அலுவலகத்தில் விசாரிக்கலாம். இந்த விசயம் பேஸ்புக்கில் ஓடுகிற வேகத்தில் 6 மாதமும் ஓடிவிடும்.

மகளை மாற்ற வேண்டாம். ஆண்டு நடுவில் பிள்ளையை எடுத்தால் ஒரு கட்டணம் குறையும், அவ்வளவுதான். வெளியே போனவரின் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லத் தேவையில்லை. உள்ளே இருந்துகொண்டு, நான்கைந்து பெற்றோர் சேர்ந்து, மேலே சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், கையில் கொடுத்துத் திகதி முத்திரை வாங்குங்கள். கிண்ணியா, மூதூர்ப் பெற்றோரும் அதில் கையெழுத்துப் போட்டால் நல்லது. ஆனால் முதல் கையெழுத்து உவர்மலைக்காரருடையதாக இருக்கட்டும்.

பிரதி ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். மீன் சந்தையில் அந்த இருவரையும் கண்டால், வாசித்தேன் என்று சொல்ல வேண்டும்.