மழைக்காலம் வந்தாலே பிள்ளைகளுக்கு ஏன் மாறி மாறிச் சளி பிடிக்கிறது?

மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் தொற்றியதும், அதை வெளியேற்ற உடம்பு சுரப்பதுதான் சளி. இப்படிச் சளி தரும் வைரஸ்கள் 200-க்கும் மேல். நண்டு வலையில் நெத்திலி நிற்காது, அதற்குச் சின்னக் கண்ணுள்ள தனி வலை வேண்டும் இல்லையா? பிள்ளையின் உடம்பும் ஒவ்வொரு வைரஸுக்கும் தனியாக வலை முடைகிறது. பெரியவர்களிடம் பழைய வலைகள் நிறைய இருக்கும், சின்னதுகளிடம் இருக்காது. ஆண்டுக்கு 6 முதல் 8 தடவை சளி வருவது சாதாரணம்தான்.

சரி, ஐப்பசி, கார்த்திகையில் ஏன் அதிகம்? நம் ராமநாதபுரம் கரையோரத்தில் மழையும் வாடைக்காற்றும் தொடங்கினால், மணலில் ஓடிய பிள்ளைகள் சன்னல் சாத்திய ஒரே அறைக்குள் அடைகிறார்கள். திருவிழாவில் வாங்கிக் கொடுத்த பீப்பியை அண்ணன் ஊதுவான், எச்சில் காயுமுன் தம்பி ஊதுவான், அப்புறம் பக்கத்து வீட்டுக் குட்டி. (வாங்கிக் கொடுத்த மாமாவைத்தான் சொல்ல வேண்டும்.) எச்சில், தும்மல், மூக்கைத் துடைத்த கை: பரவுவது இப்படித்தான். சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஆன்டிபயாட்டிக் கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள்; அந்த நிறம் பெரும்பாலும் கிருமியோடு போராடிய வெள்ளணுக்களால் வருவது, ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது.