எந்தப் பண்ணையிலிருந்து எந்தப் பண்ணைக்கு?

கேள்வி: கோமாரி நோய் பல பண்ணைகளில் பரவியபின், எது எதற்குத் தொற்றைக் கொடுத்தது என்பதை நிகழ்தகவு மாதிரிகளைக் கொண்டு கணிக்கிறார்கள் என்று படித்தேன். வைரஸின் மரபணுவைப் படித்தாலே போதாதா? பிற தரவுகளையும் ஏன் சேர்க்க வேண்டும்?
— வாசகர், நாமக்கல்

பதில்: போதாது. கோமாரி வைரஸின் மரபணுத்தொடர் சுமார் 8,200 எழுத்துகள் நீளமுடையது. 2001இல் பிரிட்டனில் பரவிய கோமாரியை ஆராய்ந்தபோது, ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவதற்குள் சராசரியாக நான்கு எழுத்துகள் அளவுக்கே மாற்றம் நேர்வது தெரியவந்தது. ஆகவே இரு பண்ணைகளின் வைரஸ்கள் நெருங்கிய உறவுடையவை என்று மரபணு சொல்லும். கொடுத்தது எது, வாங்கியது எது என்பதைப் பல நேரங்களில் சொல்லாது. இரண்டுக்குமே மூன்றாவது பண்ணை ஒன்று கொடுத்திருக்கவும் கூடும்.

இங்கேதான் கால்நடை மருத்துவரின் குறிப்பு உதவுகிறது. நாக்கிலும் குளம்புகளின் இடுக்கிலும் உள்ள கொப்புளம் உடைந்திருக்கிறதா, புண் ஆறத் தொடங்கிவிட்டதா என்று பார்த்து, அது எத்தனை நாள் பழையது என்று அவர் மதிப்பிடுகிறார். அதிலிருந்து நோய் அரும்பும் காலமான 2 முதல் 14 நாள்களைப் பின்னோக்கிக் கழித்தால், தொற்று நுழைந்திருக்கக்கூடிய நாள்கள் கிடைக்கும். நிகழ்தகவு மாதிரி, அதாவது கணக்கிடும் கணித அமைப்பு, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிகழ்தகவை வழங்குகிறது. முதல் பண்ணையின் மாடுகள் அழிக்கப்பட்ட பிறகே இரண்டாவது பண்ணைக்குத் தொற்று வந்திருக்க வேண்டும் என்றால், மரபணு எவ்வளவு ஒத்திருந்தாலும் அந்த இணைப்பின் நிகழ்தகவு பெரிதும் சரிந்துவிடும். பண்ணைகளுக்கு இடையேயுள்ள தூரமும் இவ்வாறே ஒரு நிகழ்தகவாகக் கணக்கில் சேர்ந்து மற்றவற்றோடு பெருக்கப்படுகிறது. ஆனால் ஒரே தகவலை இரண்டு பெயரில் இருமுறை பெருக்கிவிட்டால், விடை தகுதிக்கு மீறிய உறுதியோடு வந்து நிற்கும். என் பார்வையில் இத்துறையின் பெரிய ஆபத்து இதுதான்.

2007இல் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் நடந்தது இன்னும் சுவையானது. பிர்பிரைட் ஆய்வுக்கூட வளாகத்தில் கையாளப்பட்ட வைரஸிலிருந்து வந்த தொற்று ஆகஸ்டில் தோன்றி அடங்கியதுபோல் தெரிந்து, செப்டம்பரில் மீண்டும் தலைதூக்கியது. இரண்டு மாதங்களின் வைரஸ்களுக்கும் இடையே இருந்த எழுத்து வேறுபாடு நேரடித் தாவலுக்கு மிக அதிகமாக இருந்ததால், யாரும் அறியாத பண்ணை ஒன்று இடையில் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். கண்காணிப்பில், நோய் வந்து ஆறிப்போன மாடுகளுடன் ஒரு பண்ணை அகப்பட்டது. பட்டியலில் உள்ள பண்ணைகள் மட்டுமே தொற்றைப் பரப்பியிருக்க முடியும் என்ற நிபந்தனையோடு அமைத்த மாதிரி, அதன் பழியை வேறொரு பண்ணையின்மேல் சுமத்தியிருக்கும்.