நண்பன் வீட்டு வாசலில் நம் வீடு

2024 செப்டம்பரில் நானும் என் மனைவியும் மகள், மருமகனோடு ஆர்.வி. எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் இருக்கும் என் கல்லூரி நண்பர்கள் மூன்று பேரைப் பார்க்கப் போனோம். இதைப் போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். ஆர்.வி. என்றால் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் நம் ஊரில் கேரவன் என்கிறோம். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களால் இந்த முறை வேறு கேள்விக்கு இடமில்லை.

*என் கணவரின் ஹாஸ்டல் நண்பர்கள் அமெரிக்காவில் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். ஆர்.வி.யில் போய் எல்லாரையும் பார்த்துவிடலாம் என்கிறான் மகன். வாசல்வரை போய்விட்டு உள்ளே தங்காமல் வண்டியில் படுத்தால் தப்பாக நினைக்க மாட்டார்களா? எனக்கு 63 வயது, முட்டி வலி வேறு.*
– வாசகி, ஈரோடு

நினைப்பார்கள். முதல் நாள் மட்டும்.

மேரிலாந்தில் எலிகாட் சிட்டி என்ற ஊரில் இருக்கிறான் முதல் நண்பன். கோவையில் ஐந்து வருஷம் ஒரே அறை, 1979-ல் பிரிந்தோம். வண்டியைப் பார்த்ததும் அவன் முதலில் கேட்டது, "மூணு ரூம் காலியாக் கெடக்கு, நீ லாரியில படுப்பியாடா?" என்பதுதான். முகம் சுருங்கிவிட்டது. நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பகல் முழுக்க அவன் வீட்டில் இருந்தோம், சாப்பிட்டோம், அவன் சோபாவிலேயே தூங்கினேன். ராத்திரி பத்து மணிக்கு எழுந்து பதினைந்து அடி நடந்து எங்கள் கட்டிலுக்கு வந்துவிட்டோம். எனக்கு ராத்திரி நாலு தரம் எழுந்திருக்க வேண்டும். என் மனைவிக்கு விடிகாலை நாலரைக்குக் காப்பி வேண்டும். அடுத்தவர் வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தேடுவது எவ்வளவு பெரிய தொல்லை என்று உங்களுக்கே தெரியும். இரண்டாம் நாள் அவனே, "இது நல்ல ஏற்பாடுடா" என்றான். அவன் மனைவி அதை முதல் நாளே நினைத்திருப்பார் என்பது என் ஊகம்.

ஆனால் அங்கே ஒரு கூத்தும் நடந்தது. செப்டம்பரிலும் புழுக்கம். நண்பனின் கார் ஷெட்டிலிருந்து ஒயர் இழுத்து வண்டிக்குக் கரன்ட் கொடுத்து ஏ.சி. போட்டுக்கொண்டு படுத்தோம். ஆர்.வி.க்குத் தேவை 30 ஆம்பியர். ஷெட் பிளக்கில் வருவது 15. அங்கே 120 வோல்ட்தான், ஆக 3600 வாட் கேட்கும் வண்டிக்கு 1800 வாட். ஏ.சி. ஒன்றே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நடு ராத்திரி பிரேக்கர் விழுந்தது. எங்களுக்குப் புழுக்கத்தோடு போயிற்று. அதே லைனில்தான் நண்பனின் இரண்டாவது ஃபிரிட்ஜ் இருந்தது என்பது விடிந்த பிறகு தெரிந்தது. அதில் இருந்த ஏழு பாக்கெட் பரோட்டாவும் இளகி ஒட்டிக்கொண்டு கிடந்தன. நான் 35 வருஷம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன் என்பதை என் மனைவி அன்று எல்லாரிடமும் சொன்னாள். காலை, மதியம் இரண்டு வேளையும் பரோட்டாதான்.

இன்னொன்று. அங்கே பல குடியிருப்புகளில் சங்கம் வைத்திருக்கிறார்கள், வீட்டு வாசலில் ராத்திரி ஆர்.வி. நிறுத்தக் கூடாது என்று விதி போட்டிருப்பார்கள். நாங்கள் ஊர் திரும்பிய பிறகு நண்பனுக்கு ஒரு கடிதம் வந்ததாம். அவன் அதை மறைத்துவிட்டான், மகள் மூலம்தான் தெரிந்தது. போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் நான் சொல்வது, வாசலில் நிறுத்துவதைவிடப் பக்கத்தில் ஒரு கேம்ப்கிரவுண்டில், அதாவது இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கான மைதானத்தில், இடம் பிடியுங்கள், நண்பர்களை அங்கே வரச் சொல்லுங்கள். இரண்டாவது நண்பன் வட கரோலினாவில் கேரி என்ற ஊரில் இருக்கிறான். நாங்கள் பக்கத்து ஜோர்டான் ஏரிக்கரையில் பைன் மரங்களுக்கு நடுவே வண்டியைப் போட்டோம். அவனும் மனைவியும் மடக்கு நாற்காலியோடு வந்து சாயங்காலம்வரை இருந்தார்கள். என் மனைவி ரசம் வைத்து அப்பளம் சுட்டுக் கொடுத்தாள். அவன் சம்பாதிக்கும் ஊரில் நாங்கள் அவனுக்குச் சோறு போட்டோம். எத்தனை வருஷமாக அவன் இந்தியா வரும்போதெல்லாம் பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்! அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

உங்கள் முட்டிக்கு: ஏறும் படி மூன்றுதான், ஆனால் முதல் படி உயரம். ஒரு பிளாஸ்டிக் முக்காலி வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கக் கட்டிலை உங்களுக்கென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிரைவர் தலைக்கு மேலே ஒரு பரண் கட்டில் இருக்கும், ஏணி வைத்து ஏற வேண்டும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

*அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டத் தனி லைசென்ஸ் வேண்டுமா?*
– வாசகர், திருநெல்வேலி

வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகளுக்குப் பொதுவாகக் கார் லைசென்ஸே போதும். நம் ஊர் லைசென்ஸை ஏற்பார்களா என்பது மாநிலத்தையும் வாடகைக்குக் கொடுப்பவரையும் பொறுத்தது. ஓட்டியது மருமகன். நான் பக்கத்தில் உட்கார்ந்து பயந்தேன், அவ்வளவுதான்.

பயம் நீளத்தால் அல்ல, உயரத்தால். எங்கள் வண்டி பதினொன்றரை அடி. மருமகன் அதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிட்டார். டர்ஹம் ஊரில் ஒரு ரயில் பாலத்தைக் காட்டவென்றே கேரி நண்பன் காரில் கூட்டிப்போனான். முன்பு அதன் உயரம் 11 அடி 8 அங்குலம். லாரிக் கூரைகளைச் சீவிச் சீவியே 'கேன் ஓப்பனர்' என்று பெயர் வாங்கிய பாலம். 2019-ல் 8 அங்குலம் தூக்கி 12 அடி 4 அங்குலம் ஆக்கினார்கள். அப்புறமும் இடிக்கிறார்கள்!

கேஸ் சிலிண்டரையும் மறக்கக் கூடாது. பால்டிமோர் துறைமுகத்துக்கு அடியில் போகும் இரண்டு சுரங்கச் சாலைகளிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரோபேன் சிலிண்டரோடு போக முடியாது. முன்பெல்லாம் கீ பாலம் வழியாகச் சுற்றிப் போவார்கள். அந்தப் பாலத்தில் 2024 மார்ச் 26-ல் கப்பல் மோதி, பாலமே விழுந்துவிட்டது. நாங்கள் 695-ம் எண் சாலையில் மேற்குப் பக்கமாக ஊரைச் சுற்றினோம். கார் கூகுள் மேப்புக்கு இதெல்லாம் தெரியாது, அது சுரங்கத்துக்குள்ளேயே போகச் சொல்லிக்கொண்டிருந்தது.

*ஹோட்டல் செலவு மிச்சமாகுமா?*
– வாசகர், கோவை

ஆகாது. எங்கள் வண்டி ஒரு கேலன் பெட்ரோலுக்கு 8 மைல் கொடுத்தது. நம் கணக்கில் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. சுமார் 1300 மைல் போய்வந்தோம், பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வாடகை, நிறுத்தும் கட்டணம். காசுக் கணக்கு பார்ப்பவர்கள் காரில் போய் லாட்ஜில் தங்குவதே மேல்.

*கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கக்கூஸ் தொட்டியை யார் சுத்தம் செய்வது?*
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், திண்டுக்கல்

நாம்தான். அதற்கென்று இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, கையுறை போட்டுக்கொண்டு, தடிமனான குழாயை மாட்டித் திறந்துவிட வேண்டும். முதலில் கக்கூஸ் தொட்டி, பிறகு குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டி. இந்த வரிசை மாறக் கூடாது. பின்னால் வரும் சோப்புத் தண்ணீர்தான் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். காகிதம் மட்டும் போட்டுத் தண்ணீரைக் கஞ்சத்தனமாக விடுபவர்களுக்குத் தொட்டிக்குள் மேடு கட்டி அடைத்துக்கொள்ளுமாம். சொம்பில் மொண்டு ஊற்றும் நமக்கு அந்தப் பிரச்சினையே வரவில்லை. தொட்டி சீக்கிரம் நிரம்பும், ஆனால் சுத்தமாகக் காலியாகும். "வேண்டாம் மாமா, நான் பண்றேன்" என்று மருமகன் மல்லுக்கு நின்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பிரித்துக்கொண்டோம்.

*வண்டிக்குள் தாளிக்க முடியுமா?*
– வாசகி, சென்னை

முடியும். மிளகாய் கருகினால் புகை அலாரம் அலறும். மேலே இருக்கும் விசிறியைச் சுழலவிட்டு, கதவைத் திறந்துவைத்துத் தாளியுங்கள். துண்டை வீசிக் காற்றை விரட்ட ஓர் ஆள் வேண்டும். அது என் வேலை.

*45 வருஷம் கழித்து என்னதான் பேசினீர்கள்?*
– வாசகர், கும்பகோணம்

முதல் அரை மணி நேரம் சர்க்கரை அளவு. பிறகு யார் யார் போய்விட்டார்கள் என்ற பட்டியல். பிட்ஸ்பர்க் நண்பனோடு அதுவும் சரியாக ஓடவில்லை. பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலுக்குக் கூட்டிப்போனான், 1977-லிருந்து இருக்கும் கோயில். அங்கே புளியோதரை சாப்பிடும்போதுகூட "நீங்க, வாங்க" என்று மரியாதையாகவே பேசிக்கொண்டிருந்தான். எனக்கு ஏன் வந்தோம் என்றுகூட இருந்தது.

சாயங்காலம் வண்டியைப் பார்க்க வந்தான். உள்ளே ஏறியவன் நிமிர்ந்து அந்தப் பரண் கட்டிலைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். "டேய், மேல் பெர்த் எனக்கு" என்று ஏணியில் கால் வைத்தான். வயது 67. கீழே அவன் மனைவி, "ஐயோ, இடுப்பு, இடுப்பு" என்று கத்திக்கொண்டிருந்தார்.