கொட்டகையில் வயலின் ஏன் மெலிகிறது?

கேள்வி: மகள் ஐந்து வருடமாக வயலின் பழகுகிறாள். வீட்டு ஹோலில் வாசித்தால் கணீரென்று இருக்கிறது. போன திருவிழாவில் கோயில் கொட்டகையில் மைக் இல்லாமல் வாசித்தபோது மெலிந்து, காய்ந்துபோய்க் கேட்டது. இரும்புத் தந்தியைக் கழற்றிவிட்டு விலை கூடியது போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– ஒரு தாய், கல்லடி

பதில்: போடலாம் அம்மா, ஆனால் கொட்டகைக்கு மருந்து தந்தியில் இல்லை.

வீட்டு ஹோலில் ரைல்ஸ் தரையும் சாந்துச் சுவரும் ஒலியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும், அந்தக் கணீரில் பாதி சுவர் தந்தது. திறந்த கொட்டகையில் போன ஒலி போனதுதான். 1890களில் ஹார்வர்டில் மண்டபங்களின் ஒலியை ஆராய்ந்த வாலஸ் சேபைன், ஒரு பொருள் எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்று அளக்கத் திறந்த ஜன்னலையே அலகாக வைத்தார், ஏனென்றால் அதற்குள்ளால் போனது திரும்பி வராது. உங்கள் கொட்டகை நாலு பக்கமும் ஜன்னல்! மகளுக்குப் பின்னால் துணித்திரை தொங்கினால் அதை எடுத்துவிட்டுப் பலகைத் தட்டி ஒன்றை நிறுத்திப் பாருங்கள்.

சரி, தந்தி. ஆட்டுக்குடல் தந்தியின் இனிமை எனக்கு உயிர், ஆனால் அது ஈரத்தைக் குடித்துச் சுருதி மாறும், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற உங்களுக்குச் சரிவராது. இரும்பு சுருதியில் நிற்கும், கூர்மையாகப் பேசும், உப்புக் காற்றில் துருவும் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் செயற்கை இழைத் தந்தி. வியன்னாவின் தோமாஸ்டிக் நிறுவனம் 1970இல் பெர்லோன் இழையில் கொண்டுவந்த டொமினன்ட் இந்த வகைதான். இதையே போடுங்கள், நாதம் கொஞ்சம் உருண்டு வரும்.

இன்னொன்று, இதைப் பலர் பார்ப்பதே இல்லை. கடையில் வாங்கும் தந்தி மேல்நாட்டுச் சுருதிக்குச் செய்தது. நாம் கர்நாடக சங்கீதத்துக்கு நாலு தந்தியையும் ஸ-ப-ஸ-ப என்று கூட்டுகிறோம். ஐந்து கட்டைச் சுருதியில் பாடுபவருக்கு வாசித்தால் மேல் இரண்டு தந்தியையும் ஒவ்வொரு முழுச்சுரம் இறக்க வேண்டும், அப்போது இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதைவிடக் கீழே இறக்கினால் தந்தி தொய்ந்து குரல் அடங்கிப்போகும். அப்படியென்றால் கொஞ்சம் தடித்த தந்தி கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், காதுக்கடியில் கேட்பது வேறு, தூரத்தில் கேட்பது வேறு. அடுத்த திருவிழாவுக்கு முன் ஒரு பின்னேரம் ரீச்சரைக் கொட்டகையில் வாசிக்கச் சொல்லி, மகளைக் கடைசி வரிசையில் இருந்து கேட்கச் சொல்லுங்கள்.