கிரகணக் கண்ணாடி: அட்டையில் எண் இருந்தால் போதுமா?

கேள்வி: சூரிய கிரகணம் பார்க்க இணையத்தில் அட்டைக் கண்ணாடிகள் வாங்கினேன். ‘ஐ.எஸ்.ஓ. 12312-2’ என்றும், ‘நாசா அங்கீகாரம் பெற்றது’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். நம்பலாமா? முந்தைய கிரகணத்துக்கு வாங்கிய ஒன்றும் அலமாரியில் கிடக்கிறது. என் எட்டு வயது மகள் பவர் கண்ணாடி அணிபவள்.

பதில்: அந்த நாசா வரிதான் எனக்கு உறுத்துகிறது. நாசா எந்தக் கிரகணக் கண்ணாடிக்கும் அங்கீகாரம் தருவதில்லை. இல்லாத ஒப்புதலை அச்சிடத் துணிந்தவருக்கு, பக்கத்தில் ஒரு எண்ணை அச்சிடுவது பெரிய வேலையா என்ன?

12312-2 உண்மையான தரநிலைதான், 2015இல் வெளியானது. ஆனால் சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ. விதியை வகுப்பதோடு சரி, பொருளைச் சோதித்துச் சான்று தருவதில்லை. சோதிப்பது ஆய்வுக்கூடங்களின் வேலை. எனவே எண்ணை விட, யார் தயாரித்தார், யார் விற்கிறார் என்பதே முக்கியம். தயாரிப்பாளரின் பெயர், முகவரி, பயன்படுத்தும் முறை மூன்றும் இருக்க வேண்டும். தொலைநோக்கி விற்கும் கடைகள், கோளரங்கங்கள், அறிவியல் அருங்காட்சியகங்கள் ஆகியவற்றில் வாங்குவது நல்லது. அமெரிக்க வானியல் கழகம் நம்பகமான தயாரிப்பாளர்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் உங்கள் கண்ணாடியின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடியை அணிந்துகொண்டு அறையைச் சுற்றிப் பாருங்கள். ஜன்னல், நாற்காலி, எதிரில் நிற்பவர் முகம், எதுவும் தெரியக்கூடாது, கூசும் எல்.இ.டி. விளக்கு மட்டும் மிக மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. வேறு ஏதாவது தெரிந்தால் குப்பையில் போடுங்கள். இந்தச் சோதனை மோசமானதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, புற ஊதாக் கதிர்களை அது தடுக்கிறதா என்று சொல்லாது. அதனால்தான் வாங்கும் இடத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன். வாங்கிய இடம், வீட்டுச் சோதனை இரண்டில் ஒன்றில் தேறாவிட்டாலும் அதைப் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டாம்.

‘என் கூலிங் கிளாஸ் நல்ல கறுப்பு’ என்று சொல்பவர்கள் உண்டு. அடர்ந்த கூலிங் கிளாஸ்கூட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒளியை உள்ளே விடும். கிரகணக் கண்ணாடி முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் விடக்கூடாது. எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி, குறுந்தகடு ஆகியவற்றையும் மறந்துவிடுங்கள்.

விழித்திரைக்கு வலி தெரியாது. எரிச்சல் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. 2017 ஆகஸ்ட் கிரகணத்துக்குப் பிறகு நியூயார்க்கில் ஓர் இளம்பெண்ணின் விழித்திரையைப் படமெடுத்தபோது, பாதி மறைந்த சூரியனின் பிறை வடிவிலேயே புண் பதிந்திருந்தது.

பழைய கண்ணாடி இதே தரத்தில் இருந்து, கீறல், பொத்தல், சட்டத்திலிருந்து விலகல் எதுவும் இல்லையென்றால் பயன்படுத்தலாம். வயது மட்டும் ஒரு குறையல்ல.

மகள் பவர் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். அதன் மேல் இதை அணியட்டும். குழந்தைகளின் கண் வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது. தீங்கான ஒளி விழித்திரைக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும். அட்டைச் சட்டம் சிறு முகத்தில் நழுவும் என்பதால் பக்கத்திலேயே இருங்கள். தலை குனிந்து அணிந்த பின் நிமிரட்டும். முகத்தைத் திருப்பிய பின் கழற்றட்டும். இந்தக் கண்ணாடியோடு பைனாகுலர், தொலைநோக்கி, கேமரா எதன் வழியாகவும் பார்க்கக்கூடாது. குவிந்த ஒளி வடிகட்டியையே பொசுக்கிவிடும். அவற்றுக்கான வடிகட்டி, கருவியின் முன்பக்கம் பொருத்தப்பட வேண்டியது.

முழுக் கிரகணத்தில் சூரியன் முற்றிலும் மறைந்திருக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். சூரியனின் ஓரம் வளையமாகத் தெரிந்துகொண்டே இருக்கும் வளையக் கிரகணத்தில் அந்தச் சலுகை ஒரு நொடிகூடக் கிடையாது.

பார்த்த சில மணி நேரத்திலோ மறுநாளோ பார்வையின் நடுவில் கரும்புள்ளி, கோடுகள் வளைந்து தெரிதல், நிறம் மங்குதல் ஏதேனும் வந்தால், சொட்டு மருந்து போட்டுக்கொண்டு காத்திருக்காமல் கண் மருத்துவரிடம் போய், விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுங்கள். இதற்கென்று நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. பலருக்குச் சில மாதங்களில் பார்வை தேறும். சிலருக்கு அந்தப் புள்ளி நிலைத்துவிடுகிறது.