மூக்கை வைத்தது யார்?

கேள்வி: டெஸ்லாவின் சைபர்டிரக்கைப் படத்தில் பார்த்தேன். என் ஆறு வயதுப் பேரன் இதைவிட நன்றாகக் கார் வரைவான். பணத்தைக் கொட்டி இப்படி அவலட்சணமான வண்டிகளை ஏன் செய்கிறார்கள்? வடிவமைப்பாளர்களுக்குக் கண்ணே கிடையாதா?

பதில்: பேரனுக்கு என் வாழ்த்து. ஆனால் அவன் வரைவது தாளில். பென்சில் போகிற பக்கமெல்லாம் தாள் இடம் கொடுக்கும். சைபர்டிரக்கின் மேல்தகடோ துருப்பிடிக்காத எஃகு. மற்றக் கார்களின் தகட்டைப் போல அச்சில் வைத்து அழுத்தி நெளிவு சுளிவுகளை எடுக்க அது எளிதில் இணங்காது. அதனால்தான் அந்த நேர்கோடுகளும் மடிப்புகளும். பாதி உலோகத்தின் பிடிவாதம், மீதி எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? 2019இல் அறிமுக மேடையில் வண்டியின் உறுதியைக் காட்டுவதற்காக இரும்பு உருண்டையை எறிந்து அதன் ஜன்னல் கண்ணாடிகள் இரண்டை விரிசல்விட வைத்தவர் அந்த நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர்தான். இரண்டு முறையும் குறி தப்பவில்லை.

இருந்தாலும் அவலட்சணத்துக்கு நான் கொடி பிடிக்கும் கார் வேறு: 1998இல் வந்த ஃபியட் மல்டிப்ளா. முன் கண்ணாடிக்கு அடியில் ஒரு மேடு, அந்த மேட்டில் இரண்டு விளக்குகள், கீழே வழக்கமான இடத்தில் இன்னும் இரண்டு. தவளை ஒன்று தொப்பி போட்டுக்கொண்டு முறைப்பதுபோல் இருக்கும். உள்ளே ஏறிப் பாருங்கள். முன்வரிசையில் மூன்று பேர், பின்வரிசையில் மூன்று பேர். ஆறு பேரும் தாராளமாக உட்காரலாம், பெட்டிகளுக்கும் இடம் மிஞ்சும். வண்டியின் நீளமோ நான்கு மீட்டருக்குள். நீளத்தைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்டினால் உருவம் சப்பையாகத்தான் வரும். தெரிந்தே செய்தார்கள். பிரிட்டனில் விற்ற வண்டிகளின் பின்கண்ணாடியில் ‘முன்பக்கத்தைப் பார்க்கும்வரை பொறுங்கள்’ என்று தாங்களே ஒட்டியும் அனுப்பினார்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1999இல் இந்தக் காரைக் காட்சிக்கு வைத்தது. இதை வடிவமைத்த ராபர்ட்டோ ஜியோலிட்டோதான், உலகமே அள்ளிக் கொஞ்சிய 2007ஆம் ஆண்டு ஃபியட் 500க்கும் வடிவம் கொடுத்தவர். கண் இல்லாதவர் என்று அவரைச் சொல்வீர்களா?

உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் பான்டியாக் ஆஸ்டெக். ஜெனரல் மோட்டார்ஸ் 2000இல் சந்தைக்கு அனுப்பியது. இளைஞர்களைக் கவரும் துடிப்பான வண்டி என்பதுதான் முதல் யோசனை. பிறகு கணக்குப் பிள்ளைகள் வந்தார்கள். புதிதாக அடித்தளம் செய்யச் செலவாகும், கையில் இருக்கும் மினிவேனுடையதையே போடு என்றார்கள். மினிவேனின் எலும்புக்கூட்டின்மேல் விளையாட்டு வீரனின் தோலைப் போர்த்தினால் என்ன ஆகும்? உயரம் ஒட்டவில்லை, பின்பக்கம் பானைபோல் உப்பியது. போதாக்குறைக்கு இடுப்புக்குக் கீழே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கவசம். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை என்று சொன்னால் குரங்கு கோபித்துக்கொள்ளும். நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: பின்பக்கம் கூடாரம் மாட்டிக்கொண்டு உள்ளேயே தூங்கலாம், நடுவில் இருக்கும் பெட்டியைக் கழற்றிக் குளிர்பானப் பெட்டியாக்கலாம். ஓட்டியவர்கள் பலருக்குப் பிடித்த வண்டிதான். ஆனால் ஓட்டுவதற்கு முன்னால் வாங்க வேண்டுமே! 2005இல் கடையைக் கட்டினார்கள்.

ஃபோர்டின் எட்செல் இன்னும் பழைய பாடம். தூரத்திலேயே அடையாளம் தெரிய வேண்டும் என்று வடிவமைப்பாளர் முகப்பின் நடுவில் மெல்லிய செங்குத்துக் கிரில் ஒன்றை வரைந்தார். எஞ்சினுக்குக் காற்றுப் போதாது என்றார்கள் பொறியாளர்கள். அகலமாக்கி, அகலமாக்கி, 1957இல் வெளிவந்தபோது குதிரையின் கழுத்துப்பட்டை ஆகியிருந்தது. பெயர், விலை, தரம், அப்போதைய பொருளாதார மந்தம் என்று தோல்விக்கு ஆயிரம் காரணங்கள். கேலிக்குச் சிக்கியது மட்டும் அந்த மூக்கு.

ஊர் கூடித் தேர் இழுக்கலாம் ஐயா, ஊர் கூடி முகம் வரையக் கூடாது. மல்டிப்ளாவின் முகம் ஒரு தலையில் பிறந்தது, ஆஸ்டெக்கின் முகம் பல கூட்டங்களில் பிறந்தது. இரண்டையும் ஒரே வார்த்தையால் திட்டுகிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 2004இல் ஃபியட்டுக்கே தைரியம் போய்விட்டது. மேட்டைச் சீவி எறிந்து, எல்லாக் கார்களுக்கும் இருப்பதுபோல் ஒரு முகத்தை மல்டிப்ளாவுக்கு மாட்டிவிட்டார்கள். அந்தப் புது முகத்தை நீங்கள் எங்கேனும் பார்த்த ஞாபகம் இருக்கிறதா?

அடுத்த கடிதத்தில் பேரனின் படத்தையும் வைத்து அனுப்புங்கள். அவன் வரைந்த காரில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டு எழுதவும்.