பழைய சிறுவர் மாயக்கதையை ‘மறுஆக்கம்’ செய்வது என்றால் என்ன?

எல்லோரும் அறிந்த ஒரு கதையின் உயிரை வைத்துக்கொண்டு, அதன் காலத்தையோ பாத்திரங்களையோ சொல்லும் கோணத்தையோ மாற்றி இன்றைய வாசகருக்காகப் புதிதாக எழுதுவதுதான் மறுஆக்கம். அது மொழிபெயர்ப்பு அல்ல, சுருக்கமும் அல்ல.

ஏன் தேவைப்படுகிறது? குழந்தைகளின் பயமும் ஆசையும் பெரிதாக மாறுவதில்லை. உலகைப் பற்றிப் பெரியவர்கள் கொண்டிருக்கும் எண்ணங்கள் மாறிவிடுகின்றன. 1904இல் லண்டனில் மேடையேறிய ‘பீட்டர் பேன்’ கதையில் வளர மறுக்கும் சிறுவனின் தனிமை இன்றும் நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் அதில் அமெரிக்கப் பூர்வகுடிகளைச் சித்திரித்த விதத்தை ஒரு குழந்தைக்கு அப்படியே வாசித்துக்காட்ட எனக்கு மனம் வராது. வெண்டி என்ற சிறுமி மற்றவர்களுக்குத் தாயாக இருந்து துணி தைத்துக்கொண்டிருப்பதும் உறுத்துகிறது.

பழைய வீட்டைப் புதுப்பிப்பதை நினைத்துப் பாருங்கள். ஜன்னலை அகலப்படுத்தலாம், தடுப்பை எடுக்கலாம்; கூரையைத் தாங்கும் சுவரில் கைவைக்கக் கூடாது. பீட்டர் பேனில் அந்தச் சுவர், வளராமல் இருப்பதற்கு அவன் கொடுக்கும் விலை. நண்பர்கள் எல்லோரும் வீடு திரும்ப, அவன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான். சிறுவன் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு இந்தக் காட்சியை மறந்துவிடும் மறுஆக்கம் எனக்கு வெறுமையாகவே தோன்றும்.

மறுஆக்கம் மூலக்கதையை அழித்துவிடும் என்று பலர் வருந்துகிறார்கள். ஆனால் ‘ஓஸ் மந்திரவாதி’ என்ற பழைய அமெரிக்கச் சிறுவர் கதையை அதில் வரும் சூனியக்காரியின் பார்வையில் சொன்ன நாவல் 1995இல் வந்த பிறகும், 1900ஆம் ஆண்டின் மூல நூல் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது.